நின்கம்பூப் கொம்பையா

அண்ணாச்சி, அந்த ஜன்னல் சீட்டை மட்டும் எனக்கு விட்டுக் குடுத்துருங்க. சும்மா கேக்கல, பதிலுக்கு ஒரு வேடிக்கை காட்டுறேன். அந்தா, டீக்கடையில நின்னு வடையைப் பிச்சுக்கிட்டு இருக்காரே, அவர்தான் நம்ம கண்டக்டர். இப்ப கேளுங்க.

"போலாம்… ரை…ட்டேய்!"

பாத்தீங்களா, டிரைவர் கியரைப் போட்டுட்டாரு. ஓடி வாறாரு பாருங்க கண்டக்டர். வடை போச்சு. திரும்பாதீங்க அண்ணாச்சி, ஒண்ணும் தெரியாத மாதிரி மலையைப் பாருங்க. ஏறிட்டாரு. "எவம்லே ரைட் குடுத்தது?"ங்காரு. நீங்கதானே குடுத்தீங்கன்னு டிரைவர் சத்தியம் பண்ணுறாரு. பாவம், கண்டக்டருக்கே இப்ப சந்தேகம் வந்துட்டு. மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா?

இதுல என் தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க. குரல் அவரோடது. நான் வாயை மட்டும் குடுத்தேன். இது புரியாமத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிட்டாங்க. ராஜபாளையத்துல எங்க அத்தை இருக்காங்க. இனிமே அங்க தங்கித்தான் படிப்பு.

என் பேரு பேச்சிராஜா. எங்க அப்பா மைக்செட் வாடகைக்கு விடுறவரு. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் எங்க குழாய் ஸ்பீக்கர்தான். நான் பிறந்ததுலேருந்து காதுல விழுந்தது பூரா அடுத்தவங்க குரல். ஒரு குரலை ஒரு தடவை கேட்டாப் போதும், உள்ள போய் உக்காந்துக்கிடும். பிறகு நான் கூப்பிடாமலே வெளிய வரும். அதுக்கு நான் என்ன செய்ய?

நடந்ததைச் சொல்லுறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

எங்க பள்ளிக்கூடத்துத் தாளாளர் கொம்பையா சார். போர்வெல் லாரி வச்சுச் சம்பாதிச்சவரு. எங்க பக்கம் தோட்டத்துல தண்ணி வருதுன்னா அது அவர் துளை போட்டதாத்தான் இருக்கும். பேசினாலே போர் மிஷின் இறங்குற மாதிரி இருக்கும். "வே… கடகடன்னு சொல்லும்வே… எனக்கு… வேலை கெடக்கு." ஏழாவதோட படிப்பை விட்டுட்டாராம். அதனாலேயோ என்னவோ, இங்கிலீஷ்னா அவருக்கு உயிரு. யாராவது ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசினா செருப்பைக் கழத்திட்டு நின்னு கேப்பாரு.

எங்க இங்கிலீஷ் டீச்சர் ஜெபசெல்வி. நாசரேத்துக்காரங்க. அவங்க குரல் இருக்கே, கண்ணாடி டம்ளரை ஸ்பூனால தட்டுற மாதிரி. யாராவது தப்பா எழுதிட்டா ஒரே ஒரு வார்த்தைதான். "யூ நின்கம்பூப்! ஸ்டாண்ட் அப் ஆன் த பெஞ்ச்!" அர்த்தம் யாருக்கும் தெரியாது. திட்டுன்னு தெரியும், பெஞ்சு மேல ஏறணும்னு தெரியும், அது போதாதா? தினமும் அதிகமா வாங்குறவன் நான்தான். பெஞ்சு மேலேருந்து பாத்தா எங்க ஊர்க் குளமே தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம். ஆபீஸ்ல ஆம்பிளிபயர் கொர்ருன்னு இழுக்குதுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. அப்பா செட்டுதான், நான்தான் போய்ப் பாக்கணும். ரூம்ல ஒருத்தரும் இல்ல. டெஸ்டிங் பண்ணணுமே. "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்"னு என் குரல்ல சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஜெபசெல்வி டீச்சர் குரல்ல சொன்னேன். அதுவும் சாதாரணமா சொன்னா என்ன ருசி இருக்கு?

"மிஸ்டர் கொம்பையா! யூ ஆர் எ நின்கம்பூப்! ஸ்டாண்ட் அப் ஆன் த பெஞ்ச்!"

குழாய் ஓடிக்கிட்டு இருந்திருக்கு, அண்ணாச்சி. மொட்டை மாடியில கட்டுன ரெண்டு குழாயும் தெக்கேயும் வடக்கேயும் பாத்து ஊருக்கே சொல்லிட்டு. அந்த நேரம் பாத்து கொம்பையா சார் கார்லேருந்து ஒரு காலைக் கீழ வச்சிருக்காரு. இன்னொரு கால் கார்லயே நின்னுட்டாம்.

கொஞ்ச நேரத்துல அவர் ரூம்ல பஞ்சாயத்து. பிரின்சிபால் ஒரு பக்கம் இருமிக்கிட்டு நிக்காரு. இன்னொரு பக்கம் ஜெபசெல்வி டீச்சர், கையில தயிர்சாதம் காயாம. தமிழ் சாரும் வந்துட்டாரு. என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னா, மைக் எப்படி ஆன்ல இருந்துச்சுன்னு சொல்லணுமாம். "ஒயர் லூஸ் சார்"னு சொல்லிட்டு கரண்ட் டெஸ்டரை வாயில கடிச்சுக்கிட்டுச் சுவரோட சுவரா நின்னுட்டேன்.

"நான் சொல்லல சார்"னாங்க டீச்சர்.

"உங்க குரல் எனக்குத் தெரியாதா டீச்சர்? சரி, அதை விடும். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அதைச் சொல்லும்வே பிரின்சிபால்."

பிரின்சிபால் இருமினாரு. "க்கும்… அது வந்து ஐயா… கொஞ்சம் ஆழமான வார்த்தை."

"நான் பாறையை உடைச்சுப் போர் போட்டவன்வே. உம்ம வார்த்தை அதை விடவா ஆழம்?"

பிரின்சிபால் மறுபடி இருமினாரு. கொம்பையா சார் மேசையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. "நல்ல வார்த்தைன்னா சொல்லுங்க. கெட்ட வார்த்தைன்னா, டீச்சர், நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

டீச்சர் வீட்டுக்காரர் லாரியில அடிபட்டுக் காலைக் கட்டிப் போட்டு வீட்டுல கெடக்காரு. வருஷத்து நடுவுல வேலை போனா வேற எந்தப் பள்ளிக்கூடத்துல எடுப்பாங்க? டீச்சர் தயிர்சாதக் கையை முந்தானையில துடைச்சாங்க. அதைப் பாத்துத்தான் நான் பேசினேன்னு நினைச்சுராதீங்க. எனக்கு டீச்சர் மேல பாசமெல்லாம் கிடையாது. பெஞ்சு மேல நின்னு நின்னு கால் ஆணியே வந்துட்டு. வாய் அரிச்சுச்சு, அவ்வளவுதான்.

தமிழ் சார் பேரு புலவர் ஞாயிறன். நாங்க சண்டே சார்னு கூப்பிடுவோம். உலகத்துல உள்ள வார்த்தை பூரா தமிழ்லேருந்து போனதுங்கிறது அவர் கட்சி. சுருட்டுதான் இங்கிலீஷ்ல செரூட் ஆச்சு, கட்டுமரம்தான் கேட்டமரான், மிளகுத்தண்ணிதான் மல்லிகட்டானி. இதெல்லாம் நிஜம்தான், புஸ்தகத்துலேயே இருக்கு. ஆனா அவர் அதோட நிப்பாரா? டாக்டர்னா நோயோட தாக்குத் தீர்ப்பவர், தாக்குத்தீர். சைக்கிள்னா காலால செய்றது, செய்கால். அவர் வகுப்புல ஒரு டஸ்டரைக் கூட நிம்மதியா வைக்க முடியாது, அது எந்தச் சங்க காலத்துலேருந்து வந்துச்சுன்னு ஆரம்பிச்சுருவாரு.

நான் அவர் காதுகிட்ட, டெஸ்டரை எடுக்காமலே, மெதுவா விட்டேன். "ஐயா, அதை நின் கொம்புன்னு பிரிக்கலாமோ?"

அண்ணாச்சி, பல்பு எரியுறதைப் பாத்திருக்கீங்க. ஒரு மனுஷன் எரியுறதைப் பாத்திருக்கீங்களா?

"ஐயாஆஆ!" அவர் குரல் கோயில் மணியை அடிச்சுட்டுக் கையை எடுக்காம வச்ச மாதிரி, அங்கேயே நின்னு அதிரும். "நின்… கொம்பு! நின் என்றால் உன். கொம்பு என்றால், ஐயா, அவன் என்ன பெரிய கொம்பனா என்று கேட்கிறோமே, அந்தக் கொம்பு! அந்தக் காலத்தில் வரி கேட்டு ஒரு வெள்ளைக்காரத் துரை நம் மலையடிவாரத்துக்கு வந்தான். இங்கே இருந்த பாளையக்காரர் கொம்பானை மேல் வந்து நின்றார். துரை குதிரையிலிருந்து விழுந்தான். விழுந்தவன், 'நின் கொம்பு! நின் கொம்பு!' என்று கும்பிட்டான். அப்படியே கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தான். வழியெல்லாம் அதையே புலம்பினான். அதுதான் ஐயா நின்கம்பூப்!"

கொம்பையா சார் மெதுவா உக்காந்தாரு. "அதெல்லாம் சரிவே. கடைசியில பூப்புனு ஒரு சத்தம் வருதே, அது என்னத்துக்கு?"

நான் பயந்துட்டேன். சண்டே சார் பயப்படல. "கொம்பு என்பது மென்தொடர்க் குற்றியலுகரம், ஐயா. உகரத்தைக் குறுக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்குக் குறுக்கத் தெரியாது. நீட்டிவிட்டான்."

"பெஞ்சு மேல ஏறச் சொன்னாங்களே?"

"அரியணை ஏறச் சொல்கிறார்கள், ஐயா!"

கொம்பையா சார் கண்ணைத் துடைச்சாரு. சத்தியமா துடைச்சாரு. பிறகு டீச்சரைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. "என் பேருலேயே அந்தக் கொம்பு இருக்குன்னு எங்க அம்மாவுக்குக் கூடத் தெரியாது டீச்சர்."

அன்னிக்கே டீச்சர் வைஸ் பிரின்சிபால். பெரிய சேர், தனி ஃபேன்.

அதுக்குப் பிறகு ஊரு ஊரா இல்ல. பள்ளிக்கூட வாசல் வளைவுல தங்கக் கலர்ல 'நின்கம்பூப் கொம்பையா'. போர் லாரி நெத்தியிலயும் ஸ்கூல் பஸ் முதுகுலயும் அதே. அவர் மகனுக்கு 'இளைய நின்கம்பூப்'னு ஃப்ளெக்ஸ் வச்சாங்க. நகைக்கடைக்காரர் ஒருத்தர் வந்து தனக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டாரு, "அது தகுதி பாத்துத்தான்வே குடுக்கணும்"னு திருப்பி அனுப்பிட்டாரு. டீக்கடையில ரெண்டு பேருக்குள்ள சண்டை வந்தா, "நீரு என்ன பெரிய நின்கம்பூப்பாவே?"ன்னுதான் கேட்டுக்கிட்டாங்க.

கஷ்டப்பட்டது டீச்சர்தான். நான் கட்டுரையில 'பூ'வுக்குப் பதிலா இங்கிலீஷ்ல 'மாவு'ன்னு எழுதி வச்சிருக்கேன். "யூ நின்…"னு ஆரம்பிச்சுட்டு அப்படியே முழுங்குறாங்க. தாளாளரோட பட்டத்தை எனக்கு எப்படிக் குடுக்குறது? என்னைச் சும்மா பாத்தாங்க, ரொம்ப நேரம். பெஞ்சு மேல ஏறவும் சொல்லல. வகுப்பே சப்புனு போச்சு, அண்ணாச்சி.

சரி, ஆண்டு விழா வந்துச்சு. சீஃப் கெஸ்ட் புரொபசர் கிருபாகரன். பாளையங்கோட்டையில இங்கிலீஷ் சொல்லிக் குடுத்து ரிட்டயர் ஆனவரு. சூடான காப்பியை ஊதி ஊதிக் குடிக்கிற மாதிரி பேசுவாரு. மேடை ஏறினாரு. பின்னாடி கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பாத்தாரு. கண்ணாடியைக் கழத்தித் துடைச்சுப் போட்டாரு. மறுபடி பாத்தாரு. அது அங்கதான் இருந்துச்சு.

நான் மேடைக்குப் பக்கத்துல ஆம்பிளிபயர்கிட்ட. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

"பட்டம்," கொம்பையா சார் பெருமையா மைக்குலேயே சொன்னாரு. "எங்க வைஸ் பிரின்சிபால் இங்கிலீஷ்ல குடுத்தாங்க. புரொபசர் ஐயா அந்த வார்த்தையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும்."

புரொபசர் நல்ல மனுஷன், அதுதான் கெடுதல். "ஃபூ… ஐயா… நான் பொய் சொல்லிப் பழகல. அந்த வார்த்தைக்கு… ஃபூ… முட்டாள்னு அர்த்தம். அடிமுட்டாள்னும் சொல்லலாம்."

ஊரே உக்காந்திருக்கு. எனக்கே அப்பதான் தெரியும். அப்ப டீச்சர் இவ்வளவு நாளும் என்னைய… சரி, அது கெடக்கட்டும்.

"எங்கேருந்து வந்துச்சு அந்த வார்த்தை?" கொம்பையா சார் குரல்ல மிஷின் பாறையில முட்டுன மாதிரி ஒரு சத்தம்.

"அது நிச்சயமாத் தெரியல ஐயா. அகராதியிலேயே பிறப்பு தெரியலைன்னுதான் போட்டிருக்கு. லத்தீன்ல 'நான் காம்பொஸ்'னு ஒண்ணு இருக்கு, புத்தி சுவாதீனம் இல்லாதவன்னு. அதுலேருந்து வந்துச்சுன்னு சிலர்…"

"நான் கொம்பன்!" சண்டே சார் நாற்காலி மேலேயே ஏறிட்டாரு. "கேட்டீர்களா? நான் கொம்பன்! லத்தீனிலும் நம் ஆள்தான்! பிறப்பு தெரியவில்லையாம். தெரியாமல் என்ன? மறைக்கிறார்கள்! குதிரையிலிருந்து விழுந்தவன் நம் கொம்பனை வேறு எப்படி எழுதுவான்? பொறாமையில் முட்டாள் என்று எழுதி வைத்தான்! இந்த உண்மையைக் கண்டவன் நான்! இரவு பகலாய் ஆராய்ந்து கண்டவன் நான்!"

கைத்தட்டுன்னா கைத்தட்டு, அண்ணாச்சி. விசில் வேற. சண்டே சார் கழுத்துல துண்டு விழுது, மாலை விழுது. இரவு பகலாயாம்! அவர் காதுல நான் டெஸ்டரோட ஊதினது ஒரு நிமிஷம் கூட இல்ல!

கொம்பையா சார் கையைத் தூக்கினாரு. சத்தம் நின்னுச்சு. "சரி. இங்கிலீஷ்ல ஒரு அர்த்தம், தமிழ்ல ஒரு அர்த்தம். ரெண்டு இருக்கட்டும்." டீச்சர் பக்கம் திரும்பினாரு. "டீச்சர், நீங்க என்னைச் சொன்னது எந்த அர்த்தத்துல?"

டீச்சர் எந்திரிச்சாங்க. அவங்களுக்குப் பொய் வராது. நான் லீவு லெட்டர்ல பாட்டி செத்துட்டாங்கன்னு எழுதினதுக்கே அவங்க வெக்கப்படுவாங்க. நேரா என்னைப் பாத்தாங்க. எப்பவோ தெரியும் போல. விரலை நீட்டியிருக்கலாம், நீட்டல.

"அன்னிக்குச் சொன்னதுதான் சார். நான் சொல்லல."

"குரல் உங்களோடது."

"ஆமா சார். குரல் என்னோடது."

"அப்ப நாளையிலேருந்து…"

எனக்குச் சண்டே சார் கழுத்து மாலைதான் கண்ணுல நிக்கு. வேற ஒண்ணுமில்ல. வயித்தெரிச்சல். நல்லா கேட்டுக்கிடுங்க, வயித்தெரிச்சல் மட்டும்தான். ஸ்பேர் மைக்கை எடுத்தேன்.

"ஐயாஆஆ! கண்டவன் நான்!" சண்டே சார் குரல்ல. மாலையோட அவர் திரும்பிப் பாத்தாரு, வாயைத் திறக்காமலே நம்ம எப்படிப் பேசினோம்னு. "ஃபூ… அடிமுட்டாள்னும் சொல்லலாம்." புரொபசர் தன் தொண்டையைத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் டீச்சர் குரல்ல, கண்ணாடி டம்ளர்ல ஸ்பூன்: "மிஸ்டர் கொம்பையா! யூ ஆர் எ நின்கம்பூப்! ஸ்டாண்ட் அப் ஆன் த பெஞ்ச்!" கடைசியில என் குரல்ல. அது அவ்வளவு நல்லா இருக்காது. "அன்னிக்குச் சொன்னது நான். நின் கொம்புன்னு பிரிச்சதும் நான். மாலையைக் கழத்தி இங்க போடுங்க."

மாலை வரும்னு நான் நிஜமா நினைச்சேன், அண்ணாச்சி.

கொம்பையா சார் என்னைப் பாத்தாரு. வாசல் வளைவைப் பாத்தாரு. தங்கக் கலரைப் பாத்தாரு. தள்ளி நிக்கிற லாரி, பஸ்ஸு எல்லாத்தையும் ஒரு சுத்துப் பாத்துட்டு மைக்கைப் பிடிச்சாரு. "பய பொய் சொல்லுதான். வண்டிக்கெல்லாம் பெயின்ட் அடிச்சாச்சு. ஒரு வார்த்தையை உண்டாக்குறதுக்கு இவன் என்ன பெரிய நின்கம்பூப்பா?"

ஊரே சிரிச்சுச்சு. சண்டே சார் மாலையை நேராக்கிக்கிட்டாரு. டீச்சரை வேலையை விட்டு நிறுத்துற பேச்சே அதோட அமுங்கிப் போச்சு, அவங்க அப்படியே பெரிய சேர்ல உக்காந்துட்டாங்க. எனக்கு டிசி.

டிசி வாங்கப் போன அன்னிக்குக் கொம்பையா சார் எல்லாரையும் வெளிய போகச் சொன்னாரு. கதவைச் சாத்தினாரு. அடிக்கப் போறாருன்னு கன்னத்தை மூடிக்கிட்டேன்.

"எலே, டீச்சர் குரல்ல அதை இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு.

"அர்த்தம் எதுவா இருந்தாலும் கேக்க நல்லாத்தான்ல இருக்கு"ன்னாரு. "நான் படிக்கும்போது என்னைய இங்கிலீஷ்ல திட்டக் கூட ஆளு இல்ல."

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுட்டாரு. இப்ப சண்டே சார் ஊரு ஊராப் போய் 'நின் கொம்பு' பேசுறாரு. ஒரு நோட்டீஸ்லயாவது என் பேரு இருக்கா? நான் செஞ்ச வார்த்தை, அண்ணாச்சி! நியாயமா இது?

இன்னிக்குக் காலையில எங்க ஊர் ஸ்டாப்புல டவுன் பஸ்ஸுக்கு நிக்கேன். ஜெபசெல்வி டீச்சர் ஸ்கூட்டர்ல வந்தாங்க. பின்னாடி வீட்டுக்காரர், ஊன்றுகோலைத் துப்பாக்கி மாதிரி பிடிச்சுக்கிட்டு. ஸ்கூட்டரை நிறுத்தினாங்க. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாங்க.

"பேச்சிராஜா. யூ ஆர் எ நின்கம்பூப்."

அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கிட்டுப் போயிட்டாங்க. இங்கிலீஷ் அர்த்தத்துல சொன்னாங்களா, தமிழ் அர்த்தத்துல சொன்னாங்களா? அதான் எனக்குக் குடையுது. குரலை வச்சுக் கண்டுபிடிச்சுரலாம்னு பாத்தேன். திருப்பிச் சொல்லிப் பாத்தாத் தெரிஞ்சிரும். ஆனா அந்தக் குரல் வர மாட்டேங்குது, அண்ணாச்சி. கண்டக்டர் வருது, கொம்பையா சார் வருது, டீச்சரோட பழைய குரல் கூட வருது. இது வரல. இது உள்ள போய் வேற எங்கேயோ உக்காந்துட்டு.

"யூ ஆர் எ…" இல்ல, இது இல்ல. "யூ… ஆர் எ நின்…" ம்ஹூம்.

அண்ணாச்சி, சிரிக்காதீங்க. நீங்க ஒரு வாட்டி சொல்லுங்களேன், என்னைப் பாத்து.